முதுகைத் திருத்த முடியாது, லைனைத் திருத்தலாம்

இயற்கையிடம் பொறியாளர்கள் பாடம் கற்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் மீன்கொத்தியின் அலகைத்தான் உடனே காட்டுவார்கள். அதைப் பார்த்து முகப்பு வடிவமைத்த ஜப்பானிய அதிவேக ரயில் 1997-இல் ஓடத் தொடங்கியது. நல்ல பாடம்தான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் தடத்துக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது, இயற்கையின் ஒட்டுவேலைகள் சொல்லும் பாடம்.

ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளை நரம்பு மூளையிலிருந்து கிளம்பி, கழுத்து முழுக்க இறங்கி, இதயத்தருகே பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. சில அங்குலத்தில் முடிய வேண்டிய பாதை, சில மீட்டர் நீள்கிறது. கழுத்தில்லாத மீன் மூதாதைக்கு அது நேர்வழி. கழுத்து நீளநீள, தமனியில் மாட்டிய நரம்பும் நீண்டது. பரிணாமத்தால் உற்பத்தியை ஒருநாள்கூட நிறுத்திவைக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடு இருந்தாக வேண்டும். அது பொறியாளர் அல்ல, கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் கைவேலைக்காரர் என்று உயிரியலாளர் பிரான்சுவா ஜாக்கோப் 1977-இல் எழுதினார்.

பொறியாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான புல்லட் பைக்கில் இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி, கியர் வலது காலில். இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் வைத்திருக்கும் அதே நிறுவனத்தின் புல்லட்டில் இரண்டும் ஒரே உறைக்குள். கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. பழைய வரைபடத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரைய அவர்களால் முடிந்தது.

அந்த வண்டிகளைப் பூட்டுகிறவரின் முதுகுக்கு அப்படி யாரும் புதிதாக வரையவில்லை. நான்கு காலில் நடந்த உயிர்களுக்கு அமைந்த முதுகுத்தண்டை நிமிர்த்தி, இடுப்பருகே வளைத்து, உடம்பின் பாரத்தை அடிமுதுகின் கடைசி இரண்டு வட்டுகள்மேல் இறக்கியிருக்கிறது பரிணாமம்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1991-இல் திருத்திய சூத்திரம் இதைக் கணக்காகவே தருகிறது. சுமை கணுக்காலிலிருந்து 25 செ.மீ.க்குள், முக்கால் மீட்டர் உயரத்தில், உடம்பைத் திருப்பாமல், எப்போதாவது தூக்குவதாக இருந்தால் 23 கிலோ வரை சரி. அதே சுமை 50 செ.மீ. தள்ளியிருந்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோ. குனிந்தால், திரும்பினால், அடிக்கடி தூக்கினால் இன்னும் இறங்கும்.

இனி ஒரு சின்ன வெண்டர் ஷெட்டை நினைத்துப் பாருங்கள். வார்ப்புப் பாகங்கள் நிறைந்த பெட்டி தரையில் இருக்கிறது. ஆப்பரேட்டர் குனிந்து, அடியில் கிடப்பதை எட்டி எடுத்து, பக்கவாட்டில் திரும்பி ஃபிக்சரில் வைத்து, கிளாம்ப் போட்டு, பட்டனை அழுத்துகிறார். சைக்கிள் டைம் முடிவதற்குள் அடுத்த பாகம். சூத்திரம் எதற்கெல்லாம் வரம்பைக் குறைக்கிறதோ, அத்தனையும் ஒரே அசைவில். பாகத்தின் எடை வரம்புக்குள்தான் என்று மேற்பார்வையாளர் சொல்லக்கூடும். எடையை மட்டும் பார்ப்பது கணக்கில் பாதியை மட்டும் பார்ப்பது.

எலெக்ட்ரானிக்ஸ் லைன்களில் சுமை இல்லை; நிற்பதுதான் பாரம். காலிலிருந்து ரத்தம் மேலேறக் கெண்டைக்காலின் அசைவு வேண்டும். அசையாமல் நின்றால் சிரைகளின் வால்வுகள் நாளடைவில் தளர்கின்றன. நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவே எழுதிவைத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. உற்பத்தியையும் முதலீட்டையும் சொல்லி அதை ஆதரித்தவர்கள் இந்த வால்வுகளையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஃபோர்டு நிறுவனம் 1914-இலேயே லைனை இடுப்பளவுக்கு உயர்த்தியது. ஒன்று 26¾ அங்குலம், இன்னொன்று 24½ அங்குலம். உயரமானவர்களுக்கு ஒன்று, குட்டையானவர்களுக்கு ஒன்று. வேலையும் வேகமாயிற்று. வெண்டர் ஷெட்டுக்கு ரோபோவோ புறச்சட்டக உடையோ வேண்டியதில்லை. தரையில் இருக்கும் பெட்டியை முக்கால் மீட்டர் உயர்த்தி, ஆப்பரேட்டர் பக்கம் சற்றுச் சாய்த்து வைக்க ஓர் இரும்பு ஸ்டாண்டு போதும். அதைச் செய்யத் தெரிந்த வெல்டர் பெரும்பாலும் அதே ஷெட்டில்தான் இருக்கிறார்.