முகம் பார்த்துச் சாட்சி சொல்லும் கணினியை யார் விசாரிப்பது?

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம், பேச்சை எழுத்தாக்கும் 'விஸ்பர்' மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்சி பெற்ற அது தமிழையும் அறியும். கட்டணமின்றி யாரும் தம் கணினியில் இறக்கி இயக்கலாம். நம் வட்டார வழக்குக்கு ஏற்பத் திருத்தியும் கொள்ளலாம். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்திலோ மக்களே தம் குரலைக் கொடையாக வழங்குகிறார்கள். சிறிய மொழிகளுக்கு இது பெரும் நன்மை.

ஆனால் முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தின் கதை வேறு. பேச்சில் பிழை வந்தால் ஒரு சொல் மாறும். முகத்தில் பிழை வந்தால் நிரபராதி ஒருவர் கைதாகலாம்.

2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தனர். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. வெளியார் சோதிக்க முடிந்ததால்தான் இந்தக் குறை அம்பலமானது.

நம் நாட்டு நிலை என்ன? தங்கள் முக அடையாள மென்பொருளின் துல்லியம் 2 சதவீதமே என்று டெல்லி காவல்துறை 2018இல் உயர் நீதிமன்றத்தில் கூறியது. 2020 மார்ச்சிலோ, டெல்லி கலவரத்தில் 1,100க்கும் மேற்பட்டோர் இத்தொழில்நுட்பத்தின் மூலம் அடையாளம் காணப்பட்டதாக உள்துறை அமைச்சர் மக்களவையில் அறிவித்தார். 80 சதவீத ஒற்றுமை இருந்தாலே பொருத்தமாகக் கொள்வதாகப் பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் டெல்லி காவல்துறை பதிலளித்தது.

நிரலைத் திறந்துவிட்டால் மட்டும் இது தீர்ந்துவிடாது. முகம் அறியும் திறந்த மூல மென்பொருள்களும் உள்ளன. கண்காணிக்க விரும்புவோருக்கும் அவை இலவசமே. எனவே நிரல் யாருக்குச் சொந்தம் என்பதைவிட, அதன் முடிவை யார் சோதிக்கலாம் என்பதே முக்கியமான கேள்வி.

நீதிமன்றத்தில் எந்தச் சாட்சியும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டவரே. கணினிக்கு மட்டும் ஏன் விலக்கு? காவல்துறை பயன்படுத்தும் மென்பொருளைச் சுதந்திரமான வல்லுநர்கள் சோதிக்க வேண்டும். அதன் பிழை விகிதத்தை வெளியிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அதைக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும். அதுவரை கணினி காட்டும் முகத்தைச் சந்தேகமாகவே கொள்ள வேண்டும், ஆதாரமாக அல்ல.