மொட்டை மாடிக் குழாயும் குடோன் தொழிலாளியின் மெமோவும்

கோவைப் பக்கத்தில் ஒரு நூல் மில். பஞ்சு குடோனுக்கு மேலே சமதளமான கான்கிரீட் மாடி. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோலார் தகடுகளை அந்த மாடி முழுவதும் பரப்பினார்கள். மின்சாரம் கீழே இறங்க ஒயர் வேண்டும். ஒயரைக் காக்கக் குழாய் வேண்டும். ஒயர்மேன்கள் கண்டூட் பைப் என்று சொல்வது இந்தக் குழாயைத்தான். நாலு பையன்கள் வந்தார்கள். தட்டோட்டில் துளை போட்டார்கள், சேடில் வைத்து ஸ்குரூ முடுக்கினார்கள், தளத்தோடு ஒட்டினாற்போலக் குழாயை ஓட்டிவிட்டு ஒன்றரை நாளில் போய்விட்டார்கள். வேலை சுத்தம் என்று நிர்வாகம் மெச்சிக்கொண்டது.

முதல் மழையிலேயே குடோன் ஒழுகிற்று. பஞ்சு பேல்கள் நனைந்தன. அடுத்த கோடையில் குழாய் வில்லாக வளைந்து, இணைப்பு கழன்று, உள்ளேயிருந்த ஒயர் வெளியே பல்லிளித்தது. பேல் நனைந்ததற்கு மெமோ யாருக்கு வந்தது தெரியுமா? குடோன் தொழிலாளிக்கு! அவர் தார்ப்பாய் போட்டு மூடவில்லையாம்!

மெமோவில் கையெழுத்துப் போட்டவர்கள் மாடிக்கு ஏறிப் பார்க்கவில்லை. நாம் ஏறிப் பார்த்தோம்.

மாடி முதலாளியுடையது, குழாய் காண்டிராக்டருடையது, நமக்கு இதில் என்ன கவலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கூலி, போனஸ், வேலைப்பளு என்று ஆயிரம் பிரச்னை இருக்கும்போது குழாயைப் பற்றி எழுத வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். அந்தக் குழாய்க்கு அடியில் நின்று வேலை செய்கிறவர்கள் யார்? பஞ்சு நிறைந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று ஸ்பின்னிங் தொழிலாளிக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எழுதுகிறோம்.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தையல்ல. முதலில் சூட்டைப் பார்ப்போம். உச்சி வேளையில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? அந்தத் தளத்தோடு ஒட்டிக் கிடக்கும் குழாய்க்கு மேலே வெயில், கீழே தளத்தின் காங்கை. அமெரிக்காவில் மின்வேலைக்கென்று ஒரு விதிநூல் உண்டு. அது தொழிலாளியின் மேல் இரக்கப்பட்டு எழுதியதல்ல, தீக்குப் பயந்து எழுதியது. அதை வெளியிடுவதே தீத்தடுப்புச் சங்கம்தான். அதன் 2017-ஆம் வருஷப் பதிப்பு என்ன சொல்லிற்று? வெயில் படும் மாடியில், குழாயின் அடிக்கும் தளத்துக்கும் இடையே சுமார் 23 மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லையென்றால், காற்றின் சூட்டோடு இன்னும் 33 டிகிரியைக் கூட்டிக் கணக்குப் போடு என்றது. நம் ஊர்க் கோடைக்கு 40 டிகிரி என்று வையுங்கள். 40-ம் 33-ம் 73. சாதாரண பி.வி.சி. ஒயர் தாங்கக்கூடிய சூடு 70 டிகிரி! அதாவது ஒரு ஆம்பியர்கூட ஓடுவதற்கு முன்பே ஒயர் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. சோலார் தகட்டிலிருந்து நேரே வருகிற ஒயர் இதைவிடச் சூடு தாங்கும் ரகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் குழாயிலே மாடி மோட்டாருக்கும் விளக்குக்கும் போகிற ஒயர் சாதாரண ஒயர்தானே!

இவ்வளவுக்கும் பரிகாரம் என்ன? குழாயை ஒரு சாண் தூக்கி வைக்கக்கூட வேண்டாம். நாலு விரற்கடை உயரத்துக்குக் காற்றுப் போக இடம் விட்டால் போதும்.

அடுத்தது நீட்சி. வரப்பில் கிடக்கிற பம்ப்செட் ஓஸ் மத்தியான வெயிலில் எப்படிக் குழைந்து நெளிகிறது என்று விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். குழாயும் அப்படித்தான். 30 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய்க்கு விடியற்காலைக்கும் உச்சிக்கும் 40 டிகிரி வித்தியாசம் ஏற்பட்டால், அது சுமார் 8 சென்டிமீட்டர் நீளும். ராத்திரி மறுபடி சுருங்கும். இரும்புக் குழாயானால் ஒன்றரை சென்டிமீட்டர் போல. இப்படித் தினம் தினம். இரண்டு முனையையும் சேடிலால் இறுக்கிக் கட்டிவிட்டால் அது எங்கே போகும்? நடுவிலே வளையும், இல்லாவிட்டால் இணைப்பைப் பிய்த்துக்கொள்ளும். இரும்புக் குழாயிலே இணைப்பு பிரிந்தால் இன்னொரு ஆபத்து உண்டு: குழாயையே எர்த்தாக நம்பியிருந்தால் எர்த்தும் அங்கேயே அறுந்துபோகும். அப்புறம் அந்தக் குழாயைத் தொட்டவன் கதி? நீளமாகப் போகும் குழாயில் நீட்சிக்கு இடம் கொடுக்கும் இணைப்பைப் போட வேண்டும். கிளாம்பு குழாயைப் பிடித்திருக்க வேண்டுமே தவிர, அதன் குரல்வளையை நெரிக்கக்கூடாது.

மூன்றாவது, துளை. தட்டோடும் அதற்கடியில் இருக்கிற சுண்ணாம்பு ஜல்லித் தளமும் கொத்தனாரும் சித்தாளும் நாள் கணக்கில் தட்டித் தட்டிப் போட்டவை. சேடிலுக்கு இரண்டு துளை வீதம் ஒரு மாடியில் எத்தனை நூறு துளை! ஒவ்வொன்றும் மழைக்கு வாசல். சரியான வேலை எப்படியிருக்கும்? அடியில் ரப்பர் ஒட்டிய சிமெண்ட் கட்டைகளைத் தளத்தின்மேல் சும்மா வைத்து, அதன்மேல் குழாயை ஏற்றிக் கிளாம்பு போடுவார்கள். ஒரு துளையும் வேண்டாம். தண்ணீர் ஓட்டத்தை மறிக்காமலும், மழைநீர் வாயை அடைக்காமலும், ஆள் நடக்கிற வழியில் காலைத் தட்டாமலும் பாதை பார்த்து ஓட்டுவார்கள். கீழே இறக்க வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் கொத்தனாரை வைத்து மேடு கட்டிப் பூசிக்கொள்வார்கள். நாம் பார்த்த மாடியிலோ கட்டைக்குப் பதில் அங்கங்கே சிமெண்ட் கலவையை அள்ளிக் குழாயின்மேல் அப்பியிருந்தார்கள். நீட்சிக்கும் இடமில்லை, தண்ணீருக்கும் வழியில்லை.

இன்னொன்றை மெயின்டனன்ஸ் பகுதித் தோழர்கள் அவசியம் மனதில் வைக்க வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் கரண்ட் போய்விட்டது என்பது நம் பழைய பழக்கம். சோலாரில் அது செல்லாது. வெயில் இருக்கிற வரையில் தகட்டிலிருந்து சுவிட்ச் வரைக்கும் உள்ள ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்; தகடுகளை வரிசையாகக் கோத்திருந்தால் பல நூறு வோல்ட். உடைந்த குழாயைக் கையால் ஒதுக்கிவிடலாம் என்று போகிறவர் உயிரோடு திரும்புவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. எந்தக் குழாயில் எது ஓடுகிறது என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அதற்குக்கூட நாம் போராட வேண்டியிருப்பது வெட்கக்கேடு!

அந்தப் பையன்களுக்கு இதெல்லாம் தெரியாதா? வேறொரு மாடியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தம்பியை விசாரித்தோம். திருவாரூர்ப் பக்கம், ஐ.டி.ஐ. முடித்தவர், அப்பா அம்மா இருவரும் நடவு, அறுப்பு வேலைக்குப் போகிறவர்கள். “கட்டை வெச்சு ஓட்டுனா நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாதாண்ணே? மேஸ்திரி மீட்டர் கணக்குக்குத்தான் காசு குடுக்குறாரு. கட்டைக்குக் காசு கெடையாது. ஒரு நாள் கூடுதலா ஆனா எங்க கூலிதான் போவும்” என்றார். சங்கதி இதுதான். மில் முதலாளி கம்பெனிக்கு விடுகிறார், கம்பெனி காண்டிராக்டருக்கு விடுகிறது, காண்டிராக்டர் சப்-காண்டிராக்டருக்கு விடுகிறார், அவர் மேஸ்திரிக்கு விடுகிறார். ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, ரப்பரும் கட்டையும் வாங்கக் காசு மிச்சமில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில், கைப்பிடிச் சுவரில்லாத மாடி ஓரத்தில், இடுப்பிலே கயிறுகூட இல்லாமல் அந்தத் தம்பி குனிந்து டிரில் பிடித்துக்கொண்டிருந்தார்.

விழக்கூடிய உயரத்தில் வேலை செய்கிறவருக்கு வேலியோ வேறு பாதுகாப்போ செய்துதர வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32-வது பிரிவு எழுதிவைத்தது. அந்தச் சட்டத்தை 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். சட்டத்தின் பெயர் மாறியதால் மாடியின் உயரம் குறைந்துவிடவில்லை. மின்வேலையை லைசென்ஸ் பெற்ற காண்டிராக்டர்தான், தகுதிச் சான்று பெற்றவர் பக்கத்திலிருந்து மேற்பார்வை செய்யத்தான் நடத்த வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. நாம் போன மாடியில் அப்படி ஒருவரையும் காணவில்லை. லைசென்ஸ் மட்டும் பைலில் பத்திரமாக இருக்கும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறோம். அந்த மில்லில் யூனியன் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. குழாய் போட்ட ஒன்றரை நாளில் கமிட்டியிலிருந்து ஒருவர்கூட மாடிக்குப் போகவில்லை. மேலே வேலை செய்தவர்கள் வெளியாட்கள், நம் உறுப்பினர்கள் அல்ல என்று விட்டுவிட்டோம். அந்த அலட்சியம்தான் கடைசியில் நம் குடோன் தொழிலாளியின் தலையில் மெமோவாக வந்து விழுந்தது.

நிர்வாகத்தைக் கேட்கிறோம்: அந்த மெமோவை உடனே வாபஸ் வாங்குங்கள். கமிட்டியையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள். குழாயைக் கழற்றி, கட்டைமேல் ஏற்றி, துளைகளைக் கொத்தனாரை வைத்து அடையுங்கள். அந்த வேலைக்கு வரும் பையன்களுக்கு மீட்டர் கணக்கல்ல, நாள் கூலி கொடுங்கள். இடுப்புக்குக் கயிறும், காலை வேளையில் வேலையும் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் இது முடிய வேண்டும்.