புது விளையாட்டு வருகிறது! பணத்தை எப்போது கட்டுவது?

"புது வீடியோ விளையாட்டு வரப்போகிறது. இப்போதே பணம் கட்டி வைத்துவிடலாம்!"

பல வீடுகளில் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். பெற்றோர்கள் விழிக்கிறார்கள்.

விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. அது நன்றாக இருக்குமா என்பதும் தெரியாது. அதற்குள் பணம் எதற்கு?

நியாயமான கேள்விதான். இதற்கு விடை, வெளிநாடுகளில் நடந்த மூன்று சம்பவங்களில் இருக்கிறது. ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. இன்னொன்று போலந்தில் நடந்தது. மூன்றாவது பிரான்சு நாட்டுக் கம்பெனியைப் பற்றியது.

தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை

முன்பெல்லாம் வீடியோ விளையாட்டு வட்டத் தட்டில் பதிவாகி வந்தது. அதைப் பெட்டியில் போட்டுக் கடைகளில் அடுக்கி வைத்தார்கள்.

இப்போது பெரும்பாலும் தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. வீட்டில் இருந்தபடியே பணம் கட்ட வேண்டியது. விளையாட்டு இன்டர்நெட் வழியாக நம் கம்ப்யூட்டருக்கு வந்து இறங்கிவிடும். இதைத்தான் பதிவிறக்கம் என்கிறார்கள்.

அமெரிக்காவில் உள்ள வால்வ் என்ற கம்பெனி, 2003-ம் ஆண்டு "ஸ்டீம்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. இன்று கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் மிகப் பெரிய இன்டர்நெட் கடை அதுதான். இந்திய ரூபாயிலும் அங்கே வாங்கலாம்.

இந்த முறையால் ஒரு பெரிய நன்மை உண்டு. தட்டு அடிக்கும் செலவு இல்லை. கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதும் இல்லை. இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கி, உலகம் முழுவதும் விற்றுவிடலாம்.

விற்றும் காட்டியிருக்கிறார்கள்!

மூன்று பேரின் சாதனை

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்ற நகரம் இருக்கிறது. அங்கே "டீம் செர்ரி" என்று ஒரு சின்னஞ்சிறு கம்பெனி. அதில் முக்கியமானவர்கள் மூன்றே பேர்.

இவர்கள் 2017-ம் ஆண்டு "ஹாலோ நைட்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். பூச்சிகள் வாழும் பாதாள ராஜ்யம். அதில் ஒரு குட்டி வீரன் வாளோடு புறப்படுகிறான். இதுதான் கதை. இந்த விளையாட்டு 1½ கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது.

அடுத்த விளையாட்டு "சில்க்சாங்". அது வரும் என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள்.

அறிவித்தார்களே தவிர, விளையாட்டு வரவில்லை!

2023-ம் ஆண்டின் முதல் பாதியில் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அதுவும் தள்ளிப்போயிற்று. "வருமா, வராதா?" என்று ரசிகர்கள் ஏங்கினார்கள்.

கடைசியில் 2025 செப்டம்பர் 4-ந் தேதி, இந்திய நேரப்படி இரவு 7.30 மணிக்கு வெளிவந்தது. ஒரே சமயத்தில் எல்லோரும் வாங்கப் புகுந்ததால், பெரிய பெரிய இன்டர்நெட் கடைகளே திணறி நின்றன. ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள்.

காத்திருந்தது ஆறரை ஆண்டு. விலை 20 டாலர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஆறரை ஆண்டில் அவர்கள் பதிவிறக்கத்துக்கு முன்பணம் வாங்கவில்லை. ஆகவே ரசிகர்கள் இழந்தது பொறுமையை மட்டுமே. காசை அல்ல.

முன்பணம் ஏன் வந்தது?

தட்டு விற்ற காலத்தில் முன்பணத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

கடைக்கு 50 பெட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 51-வது ஆள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். முதலிலேயே பணம் கட்டியவருக்கு ஒரு பெட்டி நிச்சயம்.

பதிவிறக்கத்தில் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. கிணற்றில் இறைத்தால்கூடத் தண்ணீர் கொஞ்சம் குறையும். இது குறையவே குறையாது. கோடிப் பேர் வாங்கிய பிறகும், அடுத்தவருக்கு ஒரு பிரதி இருக்கும்.

அப்படி இருந்தும் பல கம்பெனிகள் முன்பணம் கேட்கின்றன. கட்டினால், விளையாட்டில் வரும் வீரனுக்கு ஒரு புதுச் சட்டை, ஒரு புதுக் கத்தி என்று கொசுறு தருகின்றன.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? விளையாட்டு நல்லதா, கெட்டதா என்று ஊர் பேசுவதற்கு முன்பே பணம் கைக்கு வந்துவிடுகிறது!

வேறு ஒரு வகை முன்பணமும் உண்டு. டீம் செர்ரி தங்கள் முதல் விளையாட்டுக்காக, 2014-ம் ஆண்டு பொதுமக்களிடம் உதவி கேட்டது. சுமார் 57 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் சேர்ந்தது. இது, கையில் முதல் இல்லாத நெசவாளிக்கு நூல் வாங்கப் பணம் கொடுப்பது போன்றது. துணி வரும், வராமலும் போகலாம். தெரிந்தேதான் கொடுக்கிறோம்.

பெரிய கம்பெனி கேட்கும் முன்பணம் அப்படிப்பட்டது அல்ல.

80 லட்சம் பேர்

போலந்து நாட்டில் "சி.டி. புரொஜெக்ட் ரெட்" என்ற கம்பெனி இருக்கிறது. "சைபர்பங்க் 2077" என்ற விளையாட்டைத் தயாரிப்பதாக 2012-ம் ஆண்டு அறிவித்தது. இது பெரியவர்களுக்கான விளையாட்டு.

2020-ம் ஆண்டில் மட்டும் மூன்று முறை தேதியை மாற்றினார்கள். ஏப்ரல் என்றது செப்டம்பர் ஆயிற்று. செப்டம்பர் நவம்பர் ஆயிற்று. நவம்பர் டிசம்பர் ஆயிற்று. டிசம்பர் 10-ந் தேதி விளையாட்டு வந்தது.

அதற்குள் 80 லட்சம் பேர் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 74 பேர் பதிவிறக்கத்துக்காகப் பணம் கட்டியவர்கள்.

பிறகு என்ன நடந்தது?

நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் விளையாட்டு சரியாக ஓடவில்லை. படம் திக்கியது. பாதியில் நின்றது.

ஒரே வாரத்தில் சோனி கம்பெனி அதைத் தன் கடையில் இருந்து தூக்கிவிட்டது! வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு, 2021 ஜூன் மாதம்தான் விளையாட்டு மீண்டும் கடைக்கு வந்தது.

குறைகளைக் கம்பெனி ஒவ்வொன்றாகச் சரி செய்தது. 2023-ம் ஆண்டில் எல்லோரும் பாராட்டும் அளவுக்கு அதை முன்னேற்றியது. அதற்குள் பல தடவை தள்ளுபடி விலையிலும் விற்றுவிட்டார்கள்.

ஆக, அவசரப்பட்டவர் முழு விலை கொடுத்துக் குறையுள்ள விளையாட்டை வாங்கினார். பொறுத்தவர் குறைந்த விலையில் நல்ல விளையாட்டை வாங்கினார்!

வாங்கிய பொருள் எங்கே?

மூன்றாவது கதை இதைவிட விசித்திரமானது.

பிரான்சு நாட்டு "யூபிசாப்ட்" கம்பெனி, 2014 டிசம்பரில் "தி குரூ" என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அதைத் தனியாக விளையாடினாலும், கம்பெனியின் கம்ப்யூட்டரோடு இன்டர்நெட் தொடர்பு இருந்தாக வேண்டும்.

2024 மார்ச் 31-ந் தேதி, கம்பெனி அந்தத் தொடர்பை நிறுத்திவிட்டது. அன்றோடு விளையாட்டும் நின்றது. தட்டில் வாங்கி வைத்திருந்தவர்களும் விளையாட முடியவில்லை.

"காசு கொடுத்து வாங்கிய பொருளை எப்படி நிறுத்தலாம்?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். "விளையாட்டுகளைக் கொல்லாதே!" என்று ஒரு கிளர்ச்சி பிறந்தது. ஐரோப்பிய யூனியனுக்கு அனுப்ப மனு தயாரித்துக் கையெழுத்து வாங்கினார்கள். 2025 ஜூலையில் அது 10 லட்சத்தைத் தாண்டியது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. கம்பெனி பிறகு பறித்துக்கொள்ளக்கூடிய பொருளை, வெறுமனே "வாங்குங்கள்" என்று சொல்லி விற்கக் கூடாது. இது சொந்தப் பொருள் அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

நிலம் கிரயம் வேறு, குத்தகை வேறு அல்லவா? பதிவிறக்கத்தில் நாம் வாங்குவது பெரும்பாலும் குத்தகைதான்.

எல்லாக் கடையும் அப்படி அல்ல. போலந்தில் உள்ள "ஜி.ஓ.ஜி." என்ற கடையில் வாங்கும் விளையாட்டை, நம் கம்ப்யூட்டரிலேயே பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.

தேதி மாறும்

"கிராண்ட் தெப்ட் ஆட்டோ 6" என்ற விளையாட்டுக்காக உலகமே காத்திருந்தது. இதுவும் பெரியவர்களுக்கானதே. 2025-ல் வரும் என்று 2023 டிசம்பரில் சொன்னார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் மாற்றி, 2026 நவம்பர் 19 என்றார்கள்.

தேதி மாறுவது குற்றம் அல்ல. அரை வேக்காட்டைப் பரிமாறுவதைவிட, அடுப்பில் இன்னும் கொஞ்சம் நேரம் வைப்பது நல்லதுதான். ஆனால், வேகாத சோற்றுக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

என்ன செய்யலாம்?

விளையாட்டு வெளிவரும் வரை பணம் கட்ட வேண்டாம். பதிவிறக்கம் தீர்ந்து போகாது.

வெளிவந்த பிறகும் ஒரு வாரம் பொறுங்கள். விளையாடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

எந்த வயதினருக்கான விளையாட்டு என்று கடையில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துப் பாருங்கள்.

இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால், ஒருநாள் அது நின்று போகலாம்.

ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு பிடிக்கவில்லையா? வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

புது விளையாட்டு வருகிறது என்றால் பிள்ளைகளுக்கு ஆனந்தம். அந்த ஆனந்தத்தைக் கெடுக்க வேண்டாம். நாள் எண்ணட்டும், நண்பர்களோடு பேசி மகிழட்டும். அதற்குக் காசு செலவில்லை.

விளையாட்டு வந்து, அது நன்றாகவும் இருந்தால், அப்போது பணப்பையைத் திறக்கலாம்.