வாசலில் ஒரு சூரியகாந்தி



வீட்டுத்தோட்டம் என்றால் கத்தரி, மிளகாய், வல்லாரை, பொன்னாங்காணி என்றுதான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இந்த மாதம் ஒரு பூவைப் பற்றிப் பேசுவோம். அது சூரியகாந்தி.

“வயித்துக்கே வழியில்ல, பூ எதுக்கு?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் நடக்கும் மகளிர் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி எழுவதுண்டு. நியாயமான கேள்விதான்.

1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. அவர்களில் பலரை, 2009இல் முடிந்த போர் மறுபடியும் இடம்பெயர வைத்தது. இப்படி அலைந்த பெண்களிடம், “ஒரு மாங்கன்று வைக்கலாமே” என்று சொன்னால் தயங்குகிறார்கள். காய்க்கும்போது நாம் இங்கே இருப்போமா என்ற யோசனை அவர்களுக்கு. லயத்தில் வாழும் பெண்களுக்கும் இதே தயக்கம் உண்டு. வாசல் நம்முடையது, ஆனால் காணி நம்முடையதல்ல. மாமரம் பல வருட நம்பிக்கையைக் கேட்கிறது. சூரியகாந்தி கேட்பது மூன்று, மூன்றரை மாதம் மட்டுமே. அந்த அளவு நம்பிக்கை நம் எல்லோரிடமும் இருக்கும்.

ஊவாவில் மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் விதைக்கலாம். பூக்கும் நேரத்தில் தொடர் மழை பெய்தால் பூ அழுகிவிடும். ஆடி மாதக் கச்சான் காற்றோ உயர்ந்த செடியைச் சாய்த்துவிடும். வடக்கில் இருப்பவர்களும் மாரி மழை குறைந்த பிறகு விதைப்பதே நல்லது.

நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது வெயில் படும் இடம் வேண்டும். ஓர் அடி ஆழம் கொத்தி, மக்கிய சாணி எருவைக் கலந்துவிடுங்கள். தேயிலை மண் புளிப்பானது, சூரியகாந்திக்கு அது அவ்வளவு ஒத்துவராது. அடுப்புச் சாம்பல் ஒரு பிடி சேர்த்தால் புளிப்புக் குறையும். விதையை ஓர் அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளி விட்டு ஊன்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். செடி இடுப்பளவு வந்ததும் ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஆளுயரத்துக்கு மேலே போகும் இனங்களும் உண்டு.

சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனோடு திரும்பும் என்று சொல்வார்கள். மொட்டாக இருக்கும்போதுதான் அப்படித் திரும்பும். நன்றாக விரிந்த பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். ஆகவே பூவின் முகம் வாசலைப் பார்க்க வேண்டுமானால், செடியை வாசலுக்கு மேற்கே வையுங்கள்.

விதைத்து இரண்டு மாதம் கடந்ததும் பூக்கும். பூவுக்கு வரும் தேனீ பக்கத்திலுள்ள பூசணி, பாகற்கொடிக்கும் போகும். அதனால் அவற்றிலும் காய் கூடும். பூவின் பின்புறம் மஞ்சளாகிப் பழுக்கத் தொடங்கும்போது கிளியும் அணிலும் வந்துவிடும். பழைய சேலைத் துண்டால் பூவைக் கட்டி மூடுங்கள். பின்புறம் காய்ந்து பழுப்பானதும் வெட்டி நிழலில் உலர்த்தி விதையை உதிர்க்கலாம். அதை வறுத்துத் தோல் நீக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், கோழிக்கும் போடலாம். காய்ந்த தண்டு அடுப்புக்கு உதவும். வீட்டில் எண்ணெய் எடுப்பது இலகுவல்ல, அந்த எண்ணத்தோடு தொடங்க வேண்டாம்.

உலகத்தில் சூரியகாந்தி மிக அதிகமாக விளையும் நாடுகளில் ஒன்று உக்ரேன். 1996இல் அங்கிருந்த அணுவாயுதங்கள் எல்லாம் அகற்றப்பட்டபோது, ஏவுகணைத் தளம் இருந்த நிலத்தில் அமெரிக்க, ரஷ்ய, உக்ரேனிய பாதுகாப்பு அமைச்சர்கள் மூவரும் சூரியகாந்தி விதைத்தார்கள். 2022இல் அதே நாட்டின் மீது ரஷ்யா பெரும் போர் தொடுத்தது. பூ போரை நிறுத்தாது என்பது நமக்கும் தெரியும். இருந்தாலும் போருக்குப் பின் மனிதர் மண்ணுக்குத் திரும்பி வந்து ஏதாவது விதைக்கத்தான் செய்கிறார்கள்.

வடக்கு, கிழக்கில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட காணியில் மட்டும் கொத்துங்கள். சந்தேகமான பொருள் எது தெரிந்தாலும் தொடாமல், பிள்ளைகளையும் விலக்கிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணி கிடைத்த குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உறுதிப் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாத்தி கொத்தித் தண்ணீர் சுமப்பவள் பெண். காணியிலும் அவளுக்குப் பங்கு இருக்க வேண்டும். அது உறுதியாகும் நாளில் மாங்கன்றையும் தைரியமாக வைக்கலாம்.

அதுவரை சூரியகாந்தி இருக்கட்டும். நன்றாக முற்றிய பூவிலிருந்து ஒரு கைப்பிடி விதையை எடுத்துச் சாம்பல் கலந்து போத்தலில் மூடி வையுங்கள். பாதியை அடுத்த வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள். உங்கள் விதை தவறினாலும் அவரிடம் இருக்கும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.