பெட்டிக்குள் பூட்டிய உரித்து

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்குக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் புதியனவல்ல. உரும்பிராயின் செம்மண் தோட்டம் கைமாறினால் நீருரித்தும் கூடவே கைமாறும். அதை மறைத்து உறுதி முடிக்க எந்த நொத்தாரிசும் துணியார்.

அதே உரும்பிராய் வீடுகளில் இன்று இணைய றவுட்டர் இருக்கிறது; மதிலிற் கண்காணிப்புக் கமராவும் உண்டு. அவற்றை ஒழுங்குசெய்ய உலாவியில் ஓர் எண்முகவரியைத் தட்டினால் ஒரு பக்கம் விரிகிறதல்லவா? அதை அனுப்புவது பெட்டிக்குள் குடியிருக்கும் சிறிய இணைய வழங்கி. அதுவும் அதன் கீழுள்ள லினக்ஸும் பெரும்பாலும் விற்பவர் எழுதியவை அல்ல. பிறர் திறந்த உரிமத்திற் கொடுத்தவை. லினக்ஸின் உரிமமான குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு (1991) விற்பவரிடம் கேட்பது இதுதான்: மூலநிரலைப் பெட்டியோடு கொடு, அல்லது மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல், கேட்பவருக்குத் தருவேன் என எழுதிக் கொடு. அவ்வெழுத்தைத் தம் பெட்டிக்குள் கண்ட வாசகர்கள் எத்தனை பேர்?

இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. 'போவா' என்ற வழங்கியின் பராமரிப்பு 2005 இல் நின்றுபோனது. ஆயினும் சில்லு உற்பத்தியாளரின் மென்பொருட் பொதிகளில் ஒட்டிக்கொண்டு அது புதிய கருவிகளுக்குள் புகுந்தபடியே இருந்தது. ஒரே வாரத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட போவா வழங்கிகள் இணையத்தில் திறந்து கிடந்ததாக மைக்ரோசொஃப்ட் 2022 நவம்பரில் அறிவித்தது. இந்திய மின்கட்டமைப்பைக் குறிவைத்த ஊடுருவலோடும் அதைத் தொடர்புபடுத்தியது. இதற்குத் திறந்த மூலத்தையே பழிக்கும் விற்பனையாளரும் உளர். கிணற்றைப் பூட்டிவைத்துவிட்டு, இறைக்காத நீர் நாறுகிறதென்று வெட்டியவனைத் திட்டுவது போன்றது இது.

“எங்கள் ஊரில் நிரலை யார் படிக்கப்போகிறார்?” என்பார்கள். ஒருவர் படித்தாற் போதும். 2003 இல் லிங்சிஸ் றவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்து நெருக்கினார்கள், மூலநிரல் வெளிவந்தது. அதிலிருந்து பிறந்த ஓபன்டபிள்யூஆர்டி, தயாரித்தவரே கைவிட்ட பல றவுட்டர்களை இன்றும் வாழவைக்கிறது. மறைத்தே விற்க விரும்புபவருக்கும் நேர்வழி உண்டு. 'மொங்கூஸ்' வழங்கி நூலகம் 2013 முதல் இரட்டை உரிமத்தில் வருகிறது: நிரலைத் திற, அல்லது காசைக் கொடு. நம்மவர் கைக்கு வரும் பெட்டிகளில் இரண்டில் எது நடந்ததென்று யார் கேட்டார்?

கருவிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அந்த எழுத்தையும் கேட்டு வாங்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடச் செய்யட்டும். அதுவரை, வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையோ ஒரு பாடசாலையோ கமரா வாங்கக் கேள்விப்பத்திரம் கோரும்போது, மூலநிரல் கேட்கும் ஒரு வரியைச் சேர்க்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.