படிக்காமல் போட்ட கையெழுத்து!



புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே புறப்படுங்கள். முதலில் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டத்து நகராட்சி. அடுத்தது பொம்மையார்பாளையம், அது வானூர் ஒன்றியத்து ஊராட்சி. அதைத் தாண்டினால் காலாப்பட்டு. அது மறுபடியும் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சி. சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக் கூடிய தூரத்துக்குள் மூன்று உள்ளாட்சிகள், இரண்டு அரசுகள், இரண்டு மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள்! வீட்டுக் குப்பைக்குத் துப்புரவுப் பணியாளர் வருகிறார். ஆனால் கடை, ஓட்டல், ஷாதி மஹால், மதரஸா, சிறிய மருத்துவமனை ஆகியவற்றின் குப்பைக்கு? இங்கே தான் தனியார் ஒப்பந்தக்காரர் வருகிறார், அச்சடித்த தாள்களோடு.

அந்தத் தாள்களை நம்மில் எத்தனை நிர்வாகிகள் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறோம்? ஆங்கிலத்தில் இருக்கிறது, பொடி எழுத்தில் இருக்கிறது. "எல்லாரும் போடுகிற கையெழுத்து தான் பாய், போடுங்கள்" என்கிறார் வந்தவர். மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. போட்டு விடுகிறோம்.

இத்தகைய ஒப்பந்தங்களில் உலகெங்கும் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனைகள் சில உண்டு. காலம் முடியும்போது நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் மறுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே நீண்டு கொள்ளும். கட்டணத்தை அவர் தன்னிச்சையாக உயர்த்தலாம். நீங்கள் விலக வேண்டுமென்றால் மீதிக் காலத்துக்கான தொகையைக் கட்ட வேண்டும். வேறு எவரிடமும் குப்பையைக் கொடுக்கக் கூடாது. எடை எவ்வளவானாலும், ஏன், எடையே இல்லாவிட்டாலும், மாதக் குறைந்தபட்சக் கட்டணம் நிற்காது.

இந்தக் கடைசி நிபந்தனையை நம் நிறுவனங்களோடு பொருத்திப் பாருங்கள். அரபிக் கல்லூரிக்கு ஷஅபான் பாதியில் விடுமுறை விட்டால் ஷவ்வாலில் தான் மாணவர்கள் திரும்புகிறார்கள். சமையற்கட்டு பூட்டிக் கிடக்கிறது. ஒரு வெங்காயத் தோல் கூட விழுவதில்லை. ரமளானில் திருமணம் இல்லாததால் மஹாலும் பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் ரசீது மட்டும் முதல் தேதி தவறாமல் வருகிறது. அதைக் கட்டுவது யார் பணம்? வெள்ளிக்கிழமை உண்டியலில் விழுந்த பணம். யத்தீம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு ஒருவர் கொடுத்த பணம். முத்தவல்லியின் சொந்தப் பையிலிருந்து போயிருந்தால் இரண்டாம் மாதமே கேள்வி கேட்டிருப்பார்!

குப்பையை ஒழுங்காக அகற்றுவதற்கு நாம் எதிரிகள் அல்லர். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியதை மதரஸாவில் ஓதும் குழந்தையும் அறியும். 2016இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைப் பெருங்கழிவு உண்டாக்குவோர் என்று வகைப்படுத்தின. வழிபாட்டுத் தலங்களும் கல்வி நிலையங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அவற்றுக்குப் பதிலாக வந்து 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய விதிகளும் பெருங்கழிவு உண்டாக்குவோரின் பொறுப்பை மேலும் இறுக்கியுள்ளன. இதில் குறை காண நாம் வரவில்லை. பொறுப்பு நம் தலையில் இருக்கிறது. விலையைச் சொல்லும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. நம்மிடம் பணம் வாங்கிக் கொண்டு போன வண்டி, குப்பையை இரவோடு இரவாக ஏதோ ஓடைப் பள்ளத்தில் கவிழ்த்து விட்டுப் போனால், அதிலிருந்து எடுக்கப்படும் ரசீதில் இருக்கப்போவது நம் மஹாலின் பெயர்! இந்த ஏற்றத்தாழ்வைத் தான் பேச வேண்டியிருக்கிறது.

மருத்துவமனைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பத்துப் படுக்கை மருத்துவமனைகள் நம்மிடம் கொஞ்சமல்ல. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, 75 கிலோமீட்டர் தூரத்துக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மருத்துவமனை தன் வளாகத்தில் சொந்த ஏற்பாடு செய்யக் கூடாது. நோய்த் தொற்றைத் தடுக்க இது நல்ல விதி. ஊருக்கு ஊர் எரிப்புச் சூளை புகைவதை யார் விரும்புவார்கள்? ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஒரே நிலையம் தான் இருக்கிறது என்றால், பேரம் பேச எங்கே இடம்? படுக்கைக்கு இவ்வளவு என்று கணக்கு. படுக்கையில் நோயாளி இருந்தாலும் ஒன்று தான், இல்லாவிட்டாலும் ஒன்று தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் மருத்துவர் சங்கத்தையும் கலந்து கட்டணம் முடிவு செய்யப்பட வேண்டும் என்று மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் கலந்தாய்வில் பத்துப் படுக்கைக்காரர் உட்கார்ந்திருந்தாரா?

பேரம் பேச இடமில்லாத போது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். ஸ்டெரிசைக்கிள் என்ற மருத்துவக் கழிவு நிறுவனம், சிறிய மருத்துவமனைகள், பல் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள் போன்றோரின் கட்டணத்தை ஆண்டுக்கு 18 சதவிகிதம் வரை தானாகவே ஏற்றியதாக வழக்கு வந்தது. தவறை ஒப்புக் கொள்ளாமலேயே 29 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து 2018இல் வழக்கை முடித்துக் கொண்டது அந்த நிறுவனம். பெரிய மருத்துவமனைகளிடம் இந்த வேலை செல்லவில்லை. அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். சிறியவர்களோ தனித்தனியாக இருந்த வரை ஏமாந்தார்கள், ஒரே வழக்காகச் சேர்ந்த பிறகு தான் வென்றார்கள்.

நியூயார்க் நகரத்தின் கதை இதை விடக் கொடுமை. அங்கே கடைக் குப்பையை அள்ளும் வணிகம் பல பத்தாண்டுகளாக மாஃபியா கும்பல்களின் பிடியில் இருந்தது. இந்தக் கடை இன்னாருடைய 'சொத்து' என்று கும்பலுக்குள் பாகப் பிரிவினை! கடைக்காரர் ஆளை மாற்ற நினைத்தால் வேறு எவரும் வர மாட்டார். போட்டிக்கு உள்ளே நுழைந்த ஒரு வெளியூர் நிறுவனத்தின் அதிகாரி வீட்டு வாசலில் செத்த நாயின் தலையைக் கொண்டு வந்து போட்டார்கள். 1995 ஜூனில் 17 பேர் மீதும் 23 நிறுவனங்கள் மீதும் குற்றச்சாட்டுப் பதிவானது. அவற்றோடு 4 வணிகர் சங்கங்களின் பெயரும் சேர்ந்திருந்தது. சங்கம் என்ற பெயரில் கூடியவர்களே கொள்ளைக்குத் தரகர்களாக இருந்திருக்கிறார்கள்! அடுத்த ஆண்டே, 1996இல், நகர மன்றம் சட்டம் போட்டது. உரிமம் கேட்பவரின் பூர்வீகம் விசாரிக்கப்படும். அதிகபட்சக் கட்டணத்தை நகரமே நிர்ணயிக்கும். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் நீளக் கூடாது. கட்டணங்கள் சரிந்தன.

நம் நாட்டில் நாயின் தலை தேவைப்படவில்லை, நம் அலட்சியமே போதுமானதாக இருக்கிறது!

சட்டம் நமக்கும் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒன்றை முதல் முறையாக வரையறுத்தது. அளவுக்கு மீறிய முன்பணம், நட்டத்துக்குப் பொருந்தாத அபராதம், ஒரு தரப்பு மட்டும் காரணமின்றி முறித்துக் கொள்ளும் உரிமை ஆகியவை அதில் அடங்கும். இந்தப் புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது. சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கே போக வேண்டும். அதோடு, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அறக்கட்டளை 'நபர்' அல்ல, ஆகவே நுகர்வோராகப் புகார் தர முடியாது என்று பழைய சட்டத்தின் கீழ் 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புதிய சட்டத்தில் 'நபர்' என்பதன் பொருள் விரிந்திருந்தாலும், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வைக்கப் போவது அந்தத் தீர்ப்பைத் தான். பலவீனமானவர் வேறு வழியின்றிக் கையெழுத்திட்ட அநியாய நிபந்தனை செல்லாது என்று 1986இல் நீர்வழிப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்கு ஆறுதல். ஆனால் சம பலமுள்ள இரு வணிகர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆக, கையெழுத்துப் போட்டு விட்டு நீதிமன்றம் காப்பாற்றும் என்று இருப்பது பேதைமை.

அல்லாஹ்வின் வேதத்தில் மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வதைப் பற்றியது. அதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர். யார் மீது பொறுப்பு விழுகிறதோ அவர். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். கடனுக்குச் சொன்னது மற்ற ஒப்பந்தங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஆலிம்கள் விளக்கட்டும். ஆனால் பொறுப்பைச் சுமப்பவர் வாயைத் திறக்காமல், வசூலிப்பவரே எல்லா வாசகத்தையும் அச்சடித்து வரும் முறை இந்த வசனத்துக்கு எத்தனை தூரம்! அளவை நிறுவையில் மோசடி செய்வோரின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கும் வேதத்தை ஓதுகிறவர்கள், எடைச் சீட்டுக் கேட்க வெட்கப்படலாமா?

சரி, செய்ய வேண்டியது என்ன? தனியாகப் போகாதீர்கள். கோட்டக்குப்பத்து மஹாலும், பொம்மையார்பாளையத்து ஓட்டல்காரரும், பக்கத்துத் தெருத் தேவாலயத்துப் பள்ளிக்கூடமும், கோயில் திருமண மண்டபமும் ஒரே வண்டிக்காகத் தனித்தனி விலை கொடுத்துக் கொண்டிருக்கக் கூடும். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. 2021 தொடக்கத்தில் சென்னை மாநகராட்சி குப்பைக் கட்டணம் வசூலிக்க அறிவித்த போது, ஊரே கொதித்தெழுந்ததால் அது நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம், கட்டணம் எல்லாருக்கும் தெரியும்படி இருந்தது. தனியார் ஒப்பந்தத்தின் பலம் அது அலமாரியில் பூட்டிக் கிடப்பதில் தான் இருக்கிறது. கேரளத்து மருத்துவர்களைப் பாருங்கள். இந்திய மருத்துவர் சங்கத்தின் கேரளக் கிளை 'இமேஜ்' என்ற பெயரில் பாலக்காட்டில் தானே ஒரு கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தை 2003இல் தொடங்கி விட்டது. அவ்வளவு பெரிய காரியம் நமக்கு வேண்டாம். பத்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் பேசினால் போதும்: தமிழில் வாசகம், ஓராண்டுக் காலம், ஒரு மாத அறிவிப்பில் விலகும் உரிமை, எடைக்கு ஏற்ற கட்டணம், விடுமுறை மாதங்களுக்குக் கழிவு, கொண்டு போய்ச் சேர்த்த இடத்தின் சீட்டு.

ஒன்றில் மட்டும் பேரம் வேண்டாம். விலையைக் குறைக்கிறேன் என்று வண்டிக்குப் பின்னால் ஓடும் தொழிலாளியின் கூலியில் கை வைக்க ஒப்பந்தக்காரருக்கு நாம் வழி செய்து கொடுத்து விடக் கூடாது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு இரவு பகலாக உட்கார்ந்ததையும், 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதையும் நாடே பார்த்தது. அவர்களுக்கு முழுக் கூலியும் கையுறையும் காப்பீடும் உண்டு என்பது நம் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக இருக்கட்டும்.

தமிழக அரசை நாம் கேட்பது அதிகமில்லை. நியூயார்க் 1996இல் செய்ததை இங்கே செய்யட்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் நகராட்சியிலும் வணிகக் குப்பைக்கான அதிகபட்சக் கட்டணம் அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். தானாக நீளும் ஒப்பந்தம் செல்லாது என்று ஓர் அரசாணை வேண்டும். எல்லையோர ஊர்களுக்குப் புதுச்சேரி அரசோடு பேசி ஒரே விகிதம் காண வேண்டும்.

அது வரை காத்திருக்காமல், முத்தவல்லிகளும் மதரஸா செயலாளர்களும் கடைக்காரச் சகோதரர்களும் இந்த வாரமே அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுங்கள். காலம் என்று முடிகிறது, மறுப்புக் கடிதம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று பாருங்கள். அதன் நகல் ஒன்றை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரை மறைத்து அனுப்பினாலும் சரி. கட்டணம், காலம், விலகும் நிபந்தனை மூன்றும் தெரிந்தால் போதும். எந்த ஊர் எவ்வளவு கொடுக்கிறது என்பதை வரும் இதழ்களில் ஊர்வாரியாக வெளியிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.