‘நான் நலம்’ என்று யாரிடம் சொல்வது?

கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தனியாக வாழும் முதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பிள்ளைகள் துபாயிலோ டொராண்டோவிலோ இருப்பார்கள். ஐப்பசி பிறந்தால் புயலுக்கு ஆயத்தமாவது எங்களுக்குப் பழகிப்போன வேலை. அரிசி, பருப்பு, மாத்திரை, மெழுகுவத்தி, இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர், மாடித் தொட்டி நிறையத் தண்ணீர். நாலைந்து நாள் யார் உதவியும் இல்லாமல் இருந்துவிடலாம் என்ற தைரியம் இவற்றால் வருகிறது. ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது. அந்த நாலு நாளில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தால், சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால், அதை எந்த வழியாக யாருக்குச் சொல்வது?

செல்போன் இருக்கிறதே என்பார்கள். நான் செங்கல்பட்டில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பதிலில் எனக்கு நிம்மதி கிடைப்பதில்லை.

பழைய தரைவழித் தொலைபேசிக்கு வீட்டுக் கரண்ட் தேவைப்படவில்லை. எக்ஸ்சேஞ்சின் பேட்டரி ரூமில் வரிசையாக நிற்கும் பேட்டரிகள் தரும் 48 வோல்ட், செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக் கருவி வரை வந்து சேரும். ஊரே இருட்டில் கிடந்தாலும், கேபிளில் தண்ணீர் இறங்காதவரை, ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். கரண்ட் போனால் எக்ஸ்சேஞ்சில் இன்ஜினைப் போட ஆள் இருப்பார். இன்று அதே வீட்டுக்கு ஃபைபர் வந்திருக்கிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மோடத்துக்கு நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். செல்போன் டவருக்கும் பேட்டரி உண்டு, சில மணி நேரத்துக்கு. பிறகு டீசல் ஜெனரேட்டர். அந்த டீசலைக் கொண்டுவரும் வண்டி, சாலையில் சாய்ந்து கிடக்கும் மரங்களைத் தாண்டி வந்தாக வேண்டும். டவருக்குப் போகும் ஃபைபர் அறுந்துவிட்டால் டீசல் இருந்தும் பயனில்லை.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. காற்று வலுக்குமுன்பே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள்; அது செய்ய வேண்டிய காரியம்தான். நள்ளிரவுக்கு மேல் என் போனில் சிக்னலும் போய்விட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஷார்ஜாவில் என் மகன் விடியும்வரை தொலைக்காட்சியில் மாமல்லபுரம் என்ற பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘அம்மா நலம்’ என்ற இரண்டு சொல் அவனைத் தூங்க வைத்திருக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு எச்சரிக்கை வேலைகள் உண்மையாகவே வளர்ந்திருக்கின்றன. ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2023 அக்டோபரில் நம் எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் செல் ஒளிபரப்புச் சோதனையும் இதில் சேர்த்திதான். இவற்றுக்காக உழைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் இவை எல்லாமே மேலிருந்து நம்மிடம் பேசுகின்றன. தனியாக இருப்பவர் திருப்பிப் பேச என்ன ஏற்பாடு என்று கேட்டால், 1077, 1070 என்று உதவி எண்கள் தருகிறார்கள். அந்த எண்களை அழைக்கவும் அதே டவர்தான் வேண்டும்.

இந்தக் குறையைக் கடலில்தான் முதலில் உணர்ந்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர், கரையிலிருந்து பேசும் வி.எச்.எஃப். ரேடியோவுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது; செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் படகிலேயே வாங்கித் தரும். படகிலிருந்து எதையும் அனுப்பாது. படகிலிருந்து ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் கருவியை இஸ்ரோ அதற்கு முன்பே செய்திருந்தது. ஆனால் அனுப்பிய சமிக்ஞை போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான், ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று படகுக்கே பதில் வருகிறது. பதில் வந்தால்தான் ஓர் அழைப்பு முழுமை பெறும். சுவிட்ச் போர்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது முதல் நாள் பாடம்.

கடலில் இருப்பவருக்குக் கிடைத்த இந்த ஏற்பாடு, கரையில் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் தனியாக இருப்பவருக்கும் வேண்டும்.

கரையில் இருப்பவர் திருப்பிப் பேசுவது, சுனாமி அன்று அந்தமானில் நடந்தது. ஹாம் (அமெச்சூர்) ரேடியோக்காரரான பாரதி பிரசாத், உலகெங்கும் உள்ள ஹாம்களோடு தொடர்புகொள்வதற்காக VU4RBI என்ற அழைப்புக் குறியுடன் அந்த மாதம் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். தொலைபேசிகள் செத்த நேரத்தில், விடுதியில் இருந்த அந்த ரேடியோ தீவுக்கும் இந்தியப் பெருநிலப்பகுதிக்கும் இடையில் பேசியது. இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற தகவல்கள் அதன் வழியாகக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே நாளில் புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப்பிள்ளை ஒருவர், சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் நடத்திவந்தது. கடல் நிலவரம் சொல்ல ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதில் அறிவித்ததும் ஊரே வெளியேறி உயிர் தப்பியது. அந்த ஒலிபெருக்கி அன்றைக்காக வாங்கி வைத்ததல்ல. தினமும் அலை உயரம் சொல்லிச் சொல்லி ஊரார் காதுக்குப் பழகியிருந்தது. அதனால்தான் அன்று அதை நம்பி ஓடினார்கள். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் வைக்கும் கருவிகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

தனியாக இருப்பவர்கள் கருவி வாங்குமுன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் பாசத்தில் வெளிநாட்டிலிருந்து துராயா, இரிடியம் சாட்டிலைட் போன்களை அனுப்ப நினைப்பார்கள்; அனுமதியில்லாமல் அவற்றை இங்கே வைத்திருப்பது குற்றம். ஆன்லைனில் விற்கும் மலிவான வாக்கி டாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிமம் வேண்டும். 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. அவை தெருக்கோடிக்குப் பேசும், செங்கல்பட்டுக்குப் பேசாது. தெருக்கோடியில் உங்கள் பெயர் தெரிந்த ஒருவர் மற்றொரு கருவியோடு இருந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு. செல்போன், சிக்னல் தேடித்தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். அணைத்து வைத்து, மகனோடு முன்கூட்டியே பேசிவைத்த நேரங்களில், காலை ஏழு, மாலை ஐந்து என்று, போட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்பு கிடைக்காத நெரிசலிலும் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு.

நம் பக்கத்திலேயே இருக்கும் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. புயல் நாளில் தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று ஒவ்வொரு மீனவக் குப்பத்திலும் ஃபைபர் படகுகள் கரையேறி நிற்கும். அவற்றில் சிலவற்றுக்கு வி.எச்.எஃப். ரேடியோ உண்டு, அதைக் கையாளத் தெரிந்தவர்கள் அன்று ஊரில்தான் இருப்பார்கள். மதில் எழுப்பிய வீடுகளில் வாழும் நாம் மீன் வாங்கும்போது மட்டும் அவர்களைப் பார்க்கிறோம். என் வீட்டில் தனியாக ஒருத்தி இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால், காற்று அடங்கிய காலையில் ஓர் இளைஞர் வந்து கதவைத் தட்டுவார். ஆனால் அவர் தெரிந்துகொண்டதை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சொல்ல, கடலுக்கான அந்த ரேடியோவைக் கரையில் அவர் இஷ்டப்படி பயன்படுத்த முடியாது. அரசு கைகொடுக்க வேண்டிய இடம் இது.

மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு நிலையான ரேடியோவை உரிமத்தோடு கொடுக்கட்டும். சூரியத் தகடும் பேட்டரியும் சேர்த்து, புயல் பாதுகாப்பு மையத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ வைக்கட்டும். சுற்றியுள்ள தெருக்களில் தனியாக இருப்பவர்களின் பட்டியல் அங்கே இருக்கட்டும். ஹாம்கள் ‘நெட்’ என்று ஒன்று நடத்துவார்கள். குறித்த நேரத்தில் ஒருவர் ஒவ்வொரு நிலையத்தையும் பெயர் சொல்லி அழைப்பார். ஒவ்வொருவரும் பதில் சொல்வார்கள். வாரம் ஒருமுறை குப்பங்களும் அப்படிப் பேசிப் பழகட்டும். ஹாம் உரிமத்துக்கான தொடக்கநிலைத் தேர்வை 12 வயது முடிந்தவர்கள் எழுதலாம். மோர்ஸ் குறியீடு தெரிய வேண்டியதில்லை. காட்டாங்குளத்தூரிலும் கேளம்பாக்கத்திலும் இத்தனை பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் குப்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து எழுத ஒரு பயிற்சி முகாமை செங்கல்பட்டிலேயே நடத்தலாம்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் வைத்து ஒத்திகை பார்த்துப் பழகிய மாவட்டம் இது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இன்னும் ஓர் ஒத்திகை நடத்துங்கள், செல்போனை யாரும் தொடாமல். கொக்கிலமேட்டிலிருந்து ஒரு மூதாட்டியின் பெயரும் அவருக்கு வேண்டிய மருந்தின் பெயரும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, ‘மருந்து வருகிறது’ என்ற பதில் அவர் வீட்டு வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து, அந்தக் கணக்கை ஊரறிய வெளியிடுங்கள்.